பசித்த பயிரும் வளர்ச்சி ஊக்கியும்

ஓரறிவுயிர் என்று தொல்காப்பியம் வகைப்படுத்திய தாவரத்திற்குப் பசித்தால் கேட்க வாயில்லை. ஆயினும் அது தன் பசியை மறைப்பதுமில்லை. அடியிலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. செடி குறுகி இலை கரும்பச்சையானால் மணிச்சத்துக் குறைவு. முதிர்ந்த இலையின் ஓரம் கருகினால் சாம்பல்சத்துக் குறைவு. தாவரச் செயலியல் பாடத்தில் இவற்றைப் பட்டியலாக மனப்பாடம் செய்து, தேர்வில் எழுதி, நல்ல மதிப்பெண்ணும் பெற்றேன். ஆனால் அந்தப் பட்டியல் பயன்பட வேண்டிய நாளில் எனக்குப் பயன்படவில்லை. அதைச் சொல்லித்தான் இக்கட்டுரையைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

2024 சம்பாவில் என் பெரியப்பா காவிரிப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் நெல் நட்டிருந்தார். நட்ட மூன்றாவது வாரத்தில் வயல் திட்டுத் திட்டாகக் குன்றத் தொடங்கியது. ஒரு திட்டில் பயிர் முழங்காலை எட்டும். அடுத்த திட்டில் நட்ட அன்று இருந்தபடியே நிற்கும். குன்றிய பயிரின் கீழ் இலைகளில் துரு நிறப் புள்ளிகள் தோன்றின. பெரியப்பா இரண்டு தூரைப் பிடுங்கிக்கொண்டு போய் உரக்கடையில் காட்டினார். "வளர்ச்சி நின்று போச்சு, இதை அடியுங்க, ஒரே வாரத்தில் எழும்பிடும்" என்று ஒரு புட்டியைக் கொடுத்தார்கள். அதை அடித்து ஒரு வாரம் ஆகியும் பயிர் எழும்பவில்லை. அந்தச் சமயத்தில்தான் நான் விடுமுறைக்கு ஊருக்குப் போனேன். "தம்பி, நீ செடி கொடியைப் பத்தித்தானே படிக்கிறே? இதை இன்னொரு தரம் அடிக்கலாமா?" என்று பெரியப்பா கேட்டார். புட்டியைப் புரட்டிப் பார்த்தேன். வளர்ச்சி ஊக்கி என்று இருந்தது. என்ன ஊக்கி, எவ்வளவு என்று இல்லை. "அடிக்கலாம் பெரியப்பா, ஊக்கிதானே, கெடுதல் ஒன்றும் செய்யாது" என்றேன்.

அவர் மீண்டும் அடித்தார். பத்து நாள் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் வந்த வேளாண் அலுவலர் வரப்பில் நின்றபடியே, "இது துத்தநாகக் குறை அல்லவா?" என்று கேட்டார். இளம் இலையின் நடுநரம்பு அடிப்பக்கத்தில் வெளுத்திருப்பதை அவர் காட்டிய பிறகுதான் நானும் அதைக் கண்டேன். நெல்லுக்குத் தூர் கட்டும் காலம் மிகக் குறுகியது. அதில் பத்து நாளை என் வாய்ச்சொல் தின்றுவிட்டது.

ஊக்கி கெடுதல் செய்யாது என்று நான் சொன்னது சரியா? பசியால் வாடும் பயிருக்கு ஊக்கி கொடுத்தால் உள்ளே என்னதான் நடக்கிறது? கல்லூரிக்குத் திரும்பியதும் இதைத் தேடத் தொடங்கினேன். நூலகத்தில் படித்ததும், எங்கள் துறைப் பேராசிரியரிடம் கேட்டதும், துறையின் பின்புறத்தில் சில தொட்டிகளில் பார்த்ததும் சேர்ந்தே இக்கட்டுரை ஆயிற்று.

முதலில் பெயர் பற்றி ஒரு சொல். வழக்கில் 'ஊக்கி' என்கிறோம். ஆனால் இப்பொருள்கள் அனைத்தும் ஊக்குவன அல்ல. அடக்குவனவும் உண்டு, உதிர்ப்பனவும் உண்டு, உறங்க வைப்பனவும் உண்டு. 'வளர்ச்சி ஒழுங்கிகள்' என்பதே பொருத்தமான பெயர். கடைக்காரரும் பெரியப்பாவும் ஏமாந்ததற்கு அந்த 'ஊக்கி' என்ற சொல்லும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். அது டானிக் போல ஒலிக்கிறது. நான் ஏமாந்ததற்கு அந்தச் சாக்கும் கிடையாது.

தாவரத்திற்கு இன்றியமையாத தனிமங்கள் 17. இவற்றுள் கடைசியாகப் பட்டியலில் சேர்ந்தது நிக்கல். அது 1987இல் சேர்ந்தது. ஒரு தனிமத்தை இன்றியமையாதது என்று சொல்ல, அது இல்லாமல் செடி தன் வாழ்க்கைச் சுற்றை முடிக்க முடியாதிருக்க வேண்டும். வேறொன்று அதன் வேலையைச் செய்யக் கூடாது. வளர்சிதை மாற்றத்தில் அதற்கு நேரடிப் பங்கு இருக்க வேண்டும். ஆர்னானும் ஸ்டவுட்டும் 1939இல் வகுத்த அளவுகோல் இது. 'வேறொன்று அதன் வேலையைச் செய்யக் கூடாது' என்ற இரண்டாவது விதியை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறேன். பின்னர் தேவைப்படும்.

ஒழுங்கிகளின் வரலாற்றை நீட்ட விரும்பவில்லை, பாடநூலிலேயே இருக்கிறது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஜப்பானிய உழவர்கள் நெல் நாற்றில் ஒரு நோயை அறிந்திருந்தார்கள். நோயுற்ற நாற்று மற்றவற்றைவிட உயரமாக, மெலிந்து, வெளிறி வளரும், பின்னர் சாய்ந்துவிடும், பிழைத்தாலும் மணி பிடிக்காது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'பக்கானே', அதாவது 'மூட நாற்று'. தைவானில் பணியாற்றிய குரோசாவா 1926இல் இது ஒரு பூஞ்சை சுரக்கும் பொருளின் வேலை என்று காட்டினார். யபுதா 1935இல் அதற்கு ஜிப்பரல்லின் என்று பெயரிட்டார். இன்று உலகெங்கும் தெளிக்கப்படும் ஒரு வளர்ச்சி ஊக்கி நமக்கு முதலில் அறிமுகமானது நோயின் உருவத்தில்தான். உயரமான நாற்று என்றால் செழிப்பான நாற்று என்று அந்த உழவர்கள் ஏமாறவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

இனி ஒரு சிறு கணக்கு. உளுந்தில் பூ உதிர்வதைத் தடுக்க நாஃப்தலின் அசிட்டிக் அமிலம் என்னும் ஆக்சின் வகை ஒழுங்கியை லிட்டருக்கு 40 மில்லிகிராம் கலந்து தெளிக்கிறார்கள். ஏக்கருக்கு 200 லிட்டர் நீர் என்றால், வயலில் விழும் ஊக்கி மொத்தம் 8 கிராம். இதோடு ஒப்பிட, ஒரு டன் நெல் விளைய ஏறத்தாழ 15 முதல் 20 கிலோ தழைச்சத்து மண்ணிலிருந்து எடுக்கப்படுகிறது. எட்டு கிராம் எதையும் உணவாகத் தர முடியாது. அது தருவது செய்தி மட்டுமே: இங்கே நீளு, அங்கே உதிராதே, இந்த மொட்டைத் திற, அந்த மொட்டை மூடு என்ற செய்தி. செய்தியைக் கேட்டுச் செயலாற்றப் பொருள் வேண்டும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

இவ்வளவோடு நின்றால், 'ஊக்கி உணவல்ல' என்ற ஒரு வரியோடு கட்டுரை முடிந்துவிடும். நானும் தொடக்கத்தில் அப்படித்தான் எண்ணினேன். தேடத் தேட வேறொன்று தெரிந்தது. பசித்த செடி வெறுமனே வாடிக்கொண்டிருக்கவில்லை. அது தன் சொந்த ஒழுங்கிகளைக் கொண்டு பசிக்கேற்பத் தன்னைத் திருத்திக்கொண்டிருக்கிறது. நாம் தெளிப்பது வெற்றுத் தாளில் எழுதும் செய்தியன்று. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் செய்தியின் மேல் எழுதும் செய்தி.

தழைச்சத்தை எடுத்துக்கொள்வோம். சைட்டோகைனின் என்னும் ஒழுங்கி பெருமளவு வேரில் உண்டாகி, சைலக் குழாய் வழியாக நீரோடு மேலேறித் தண்டின் வளர்ச்சியையும் இலையின் பசுமையையும் காக்கிறது. வேருக்கு நைட்ரேட் கிடைத்தால் இந்தச் சுரப்பு கூடுகிறது, கிடைக்காவிட்டால் குறைகிறது. சூரியகாந்திக்குத் தழைச்சத்தையோ மணிச்சத்தையோ நிறுத்தினால் அதன் சைட்டோகைனின் அளவு விரைவில் வீழ்வதை சலாமா, வேரிங் என்னும் இருவர் 1979இல் காட்டினர். விளைவு என்ன? தண்டும் இலையும் தம் வளர்ச்சியைக் குறைத்துக்கொள்கின்றன. மிஞ்சிய சர்க்கரை கீழே போய் வேரை நீட்டுகிறது. முதிர்ந்த இலை தன் புரதத்தைச் சிதைத்து இளம் இலைக்குக் கொடுத்துவிட்டு மஞ்சளாகிறது. நம் கண்ணுக்குச் செடி குட்டையாகத் தெரிகிறது. ஆனால் மண்ணுக்கடியில் அது உணவு தேடிப் புறப்பட்டிருக்கிறது. வரவு குறைந்த வீட்டில் அம்மா செலவைச் சுருக்கிப் பிள்ளையின் படிப்புக்கு மட்டும் காசை ஒதுக்குவதில்லையா? அது போன்ற சிக்கனம்தான் இது.

உருளைக்கிழங்கில் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. நீர் வளர்ப்பில் உருளைக்குத் தழைச்சத்தை இடைவிடாமல் கொடுத்துக்கொண்டே இருந்தால் அது கொழுத்து வளரும். ஆனால் கிழங்கு கட்டாது. சில நாள் தழைச்சத்தை நிறுத்தினால் ஜிப்பரல்லின் குறைந்து அப்சிசிக் அமிலம் கூடுகிறது. உடனே தரையடித் தண்டின் நுனி பருத்துக் கிழங்காகிறது. மறுபடி தழைச்சத்தைக் கொடுத்தால் கட்டத் தொடங்கிய கிழங்கின் நுனியிலிருந்தே மீண்டும் தண்டு நீள்கிறது! ஜெர்மனியில் கிராவுஸ், மார்ஷ்னர் ஆகியோர் 1970-களிலும் 80-களிலும் இதை ஆராய்ந்தனர். இங்கே பசியே ஒரு கட்டளையாகி ஒழுங்கியின் மூலம் நிறைவேறுகிறது.

மணிச்சத்துப் பசியின் கதை இதைவிட வியப்பானது. அதில் நம் ஊர்க் களை ஒன்றுக்கும் பங்கு உண்டு. சோளம், கரும்புக் கொல்லைகளில் சுடுமல்லி என்னும் ஒட்டுண்ணிக் களையைக் கண்டிருப்பீர்கள். அதன் தூளான விதை பல ஆண்டுகள் மண்ணில் உறங்கும். பக்கத்தில் சோளத்தின் வேர் வந்தால்தான் விழிக்கும். இவ்வகை ஒட்டுண்ணி விதையை எழுப்பும் பொருளைப் பருத்தி வேர்க் கசிவிலிருந்து 1966இல் பிரித்து ஸ்ட்ரைகால் என்று பெயரிட்டனர். தன்னைக் கொல்லும் களையைச் செடி ஏன் தானே எழுப்ப வேண்டும் என்பது நெடுநாள் புதிராகவே இருந்தது. 2005இல் ஜப்பானியர் விடை கண்டனர். அந்த வகைப் பொருள்கள் உண்மையில் களைக்காக அல்ல, வேரோடு கூடி வாழும் நன்மை செய்யும் பூஞ்சைகளை அழைக்கவே சுரக்கின்றன. பூஞ்சை தன் நூலிழைகளால் எட்டாத இடத்து மணிச்சத்தைக் கொண்டுவந்து கொடுக்கும். மணிச்சத்து குறையக் குறைய அழைப்பு உரக்க ஒலிக்கிறது. களை அதை ஒட்டுக்கேட்டுவிடுகிறது. மெலிந்த நிலத்தில் சுடுமல்லி தழைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

2008இல் இதே ஸ்ட்ரைகோலேக்டோன் என்னும் பொருள்கள் செடிக்குள்ளும் ஒழுங்கிகளாகப் பணிபுரிந்து கோண மொட்டுகளை அடக்குகின்றன என்று கண்டறிந்தனர். மணிச்சத்து குறைந்த நெல்லில் இவை பெருகுவதால் தூர்கள் குறைகின்றன. இப்பொருளை உண்டாக்க இயலாத நெல் வகைகளில் அப்படிக் குறைவதில்லை. ஆகவே மணிச்சத்துக் குறைந்த நெல் தூர் கட்டாமலிருப்பது இயலாமை மட்டுமன்று. ஒரு முடிவும் ஆகும். 'ஐந்து தூரைப் பட்டினி போடுவதைவிட இரண்டு தூருக்கு மணி பிடிக்கட்டும்' என்ற முடிவு.

இப்படிச் சிக்கனம் பிடித்துக்கொண்டிருக்கும் செடியின் மேல் ஜிப்பரல்லினைத் தெளித்தால் என்ன ஆகும்? பேராசிரியர் "செய்துதான் பாரேன்" என்றார். அமிலத்தில் ஊறவைத்துக் கழுவிய ஆற்று மணலைத் தொட்டிகளில் நிரப்பித் தக்காளி நாற்று நட்டோம். பாதித் தொட்டிகளுக்கு ஹோக்லண்டு கரைசலை முழுமையாக ஊற்றினோம். மீதிக்கு நைட்ரேட் உப்புகளை நீக்கி, பொட்டாசியத்திற்குச் சல்பேட்டும் கால்சியத்திற்குக் குளோரைடும் இட்ட கரைசலை ஊற்றினோம். ஒவ்வொரு பாதியிலும் இரண்டு செடிகளுக்கு மட்டும் ஜிப்பரல்லிக் அமிலத்தைச் சில துளி சாராயத்தில் கரைத்து, நீரில் விட்டுத் தெளித்தோம்.

பட்டினித் தொட்டிகளில் ஊக்கி பெற்ற செடிகள் ஒரே வாரத்தில் மற்ற பட்டினிச் செடிகளைத் தாண்டி உயர்ந்தன. வகுப்புத் தோழர்கள் வந்து பார்த்து, "உன் மருந்து வேலை செய்கிறதே!" என்றார்கள். எனக்கும் ஒரு நாள் பெருமையாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் அந்தச் செடிகளுக்குக் குச்சி நட்டுக் கட்ட வேண்டியதாயிற்று. தண்டு நூல் போல மெலிந்தது. புதிய இலைகள் வெளிறின. அடியிலைகள் தெளிக்காத பட்டினிச் செடிகளைவிட முன்னதாகவே உதிர்ந்தன. பிடுங்கி உலர்த்தி நிறுத்தபோது எங்கள் தராசுக்கு எடையில் வேறுபாடு தெரியவில்லை. அதாவது செடி வளரவில்லை, இருந்ததையே நீட்டிக்கொண்டது. சில தொட்டிகளை வைத்து விதி வகுக்க முடியாது என்பதை நான் அறிவேன். ஆனால் மூட நாற்றின் உருவத்தைக் கண்ணால் பார்த்துவிட்டேன்.

வெளிநாட்டு அனுபவமும் இதற்கு மாறாக இல்லை. 1950-களில் இங்கிலாந்தின் புல்வெளிகளில் ஜிப்பரல்லிக் அமிலம் தெளித்தபோது முதல் அறுப்பில் விளைச்சல் கூடியது; ஆனால் புல் வெளிறியது; அடுத்த அறுப்பில் விளைச்சல் குறைந்தது. நாளைக்குரியதை இன்றே எடுத்துச் செலவழித்த கணக்குத்தான்.

சைட்டோகைனினின் வேலை வேறு விதமானது, ஒரு வகையில் இன்னும் ஏமாற்றுவது. கைனட்டின் என்னும் முதல் சைட்டோகைனின் 1955இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் மில்லர், ஸ்கூக் முதலியோரால் பிரிக்கப்பட்டது. (ஸ்கூக் என்ற பெயர் மீண்டும் வரும்.) இதைத் தடவினால் பறித்த இலைகூடப் பல நாள் பசுமையாக இருக்கும் என்பது 1957இல் தெரிந்தது. ஜெர்மனியில் ஹாலே நகரத்து மோத்தஸ் என்பவர் புகையிலை இலையின் ஒரு பகுதியில் மட்டும் கைனட்டினைத் தடவி, வேறோரிடத்தில் கதிரியக்கக் குறியிட்ட அமினோ அமிலத்தை இட்டார். அது தடவிய இடத்தை நோக்கி நகர்ந்து அங்கே சேர்ந்தது. பின்னர் அவரைச் செடிகளில் ஓர் இலைக்கு மட்டும் சைட்டோகைனின் பூசியபோது அது பசுமையாக இருந்தது. பூசாத அண்டை இலைகள் வழக்கத்தைவிட விரைவாக முதிர்ந்தன.

இதைத் தழைச்சத்துப் பசியோடு பொருத்திப் பாருங்கள். மஞ்சளாகும் அடியிலை தன்னிடமுள்ளதை நுனிக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. அந்த இலையைச் சைட்டோகைனினால் பச்சையாகப் பிடித்து நிறுத்தினால், நுனிக்குப் போக வேண்டிய பங்கு போகாது. பார்வைக்கு நோய் நீங்கியது போலிருக்கும். செடி எழுதிக் காட்டிய பசிக் குறிப்பை நாம் அழித்திருப்போம், பசியை அல்ல. மஞ்சள் நிறம் உழவருக்கு ஓர் எச்சரிக்கை. அதைத் துடைத்துவிடும் மருந்தை எல்லாவற்றிலும் அபாயமானதாக நான் கருதுகிறேன்.

இனி பெரியப்பாவின் வயலுக்கு வருவோம். அங்கே குறைந்தது துத்தநாகம். துத்தநாகத்திற்கும் ஊக்கிக்கும் ஒரு பழைய உறவு உண்டு. கடைக்காரருக்காக வாதாட வேண்டுமென்றால் இங்கேதான் வாதாடலாம்.

1930-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் பழத்தோட்டங்களில் 'சிற்றிலை நோய்' பரவியிருந்தது. கணுவிடை நீளாமல் கிளை நுனியில் சிறு இலைகள் கொத்தாக நிற்கும். சாண்ட்லர், ஹோக்லண்டு, ஹிப்பர்டு ஆகியோர் இரும்பு சல்பேட்டை இட்டுப் பார்த்தனர். சில மரங்கள் தேறின. ஆனால் தூய இரும்பு சல்பேட்டை இட்டபோது தேறவில்லை! மட்டமான சரக்கில் கலப்படமாக இருந்த துத்தநாகமே மரத்தைக் குணப்படுத்தியது என்பது பின்பு தெரிந்தது. துத்தநாகம் பூசிய ஆணிகளை அடிமரத்தில் அறைந்துகூட மரங்களைத் தேற்றினார்கள்.

கணுவிடை நீளாமை ஆக்சின் குறைவைப் போலிருக்கிறதே என்று ஸ்கூக் ஆராய்ந்தார். 1940இல் வெளியான அவர் கட்டுரையின்படி, துத்தநாகம் குறைந்த தக்காளியிலும் சூரியகாந்தியிலும் ஆக்சின் குறைந்திருந்தது. கண்ணுக்கு அறிகுறி தெரியும் முன்பே குறைந்தது. துத்தநாகம் கொடுத்ததும் வளர்ச்சி மீளும் முன்பே ஆக்சின் மீண்டது. ஆக்சின் உண்டாக டிரிப்டோஃபேன் என்னும் அமினோ அமிலம் தேவை. அதை உண்டாக்கத் துத்தநாகம் தேவை என்று 1948இல் ஒரு விளக்கம் வந்தது. நம் பாடநூல்கள் பலவற்றில் இன்றும் இதுதான் இருக்கிறது. ஆனால் 1989இல் ஜெர்மனியில் அவரைச் செடிகளில் அளந்தபோது, துத்தநாகம் குறைந்த நுனிகளில் ஆக்சின் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தும் டிரிப்டோஃபேன் குறையவில்லை, மாறாகக் கூடியிருந்தது. புரதம் கட்டுவது நின்றதால் அமினோ அமிலங்கள் தேங்கிவிட்டன. அரைத்த மாவு இருக்கிறது, அடுப்பு எரியவில்லை என்பது போல.

அப்படியானால் குறைந்த ஆக்சினை நாமே தெளித்துவிட்டால் போதாதா? போதாது. துத்தநாகம் ஆக்சினுக்காக மட்டும் செடியில் இல்லை. மரபுச் செய்தியைப் படியெடுக்கும் நொதியிலும், கரியமில வாயுவைக் கையாளும் நொதியிலும், உயிரணுவைத் தீய ஆக்சிஜனிலிருந்து காக்கும் நொதியிலும் அது உறுப்பாக அமைந்திருக்கிறது. ஆக்சின் குறைவு அதன் விளைவுகளில் ஒன்று மட்டுமே. வேறொன்று அதன் வேலையைச் செய்யக் கூடாது என்ற விதியை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? ஆக்சினும் அந்த 'வேறொன்று' தான். ஓர் ஊக்கி ஈடுகட்டக்கூடியதாக இருந்திருந்தால் துத்தநாகம் இன்றியமையாதது என்ற பட்டியலிலேயே இடம் பெற்றிருக்காது. இதை நான் தேர்வில் எழுதியிருக்கிறேன். பெரியப்பா கேட்டபோது மட்டும் நினைவுக்கு வரவில்லை.

நெல்லில் இக்குறையை 1966இல் பந்த்நகரில் நேனே என்பவர் இனங்கண்டார். அதுவரை இமயமலை அடிவாரத்துத் தராய் உழவர்கள் 'கைரா' என்று அழைத்த அந்த நோய்க்கு நச்சுயிரியோ பூஞ்சையோ காரணமில்லை, துத்தநாகக் குறையே காரணம் என்று காட்டினார். களர், சுண்ணாம்பு நிலங்களிலும், நீர் வடியாமல் நெடுநாள் தேங்கும் வயல்களிலும், மணிச்சத்து உரம் மிகுதியாக இட்ட வயல்களிலும் மண்ணில் துத்தநாகம் இருந்தாலும் வேருக்குக் கிட்டாமல் போகும்.

பசியுள்ள பயிருக்கு ஒழுங்கி ஒருநாளும் உதவாது என்று நான் சொன்னதாகக் கொள்ள வேண்டா. நம் டெல்டாவின் நெல் தரிசு உளுந்தே நல்ல எடுத்துக்காட்டு. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னரே, நிற்கும் நெல்லுக்குள் ஈரத்தில் உளுந்தைத் தெளிக்கிறோம். உழவில்லை, அடியுரமில்லை, பெரும்பாலும் பனியும் எஞ்சிய ஈரமுமே துணை. பூக்கும் சமயத்தில் வேர் முடிச்சுகளும் தளரத் தொடங்கும், பூக்கள் உதிரும். இதற்கு வேளாண் பல்கலைக்கழகம் கூறும் பரிந்துரையில் 2 சதவீத டிஏபி கரைசலும் 40 பிபிஎம் நாஃப்தலின் அசிட்டிக் அமிலமும் இருக்கின்றன. பூக்கும் தருணத்தில் ஒரு முறையும் 15 நாள் கழித்து மறுமுறையும் தெளிக்க வேண்டும். முன் போட்ட கணக்கைத் தொடர்ந்தால், ஏக்கருக்கு ஒரு தெளிப்பில் டிஏபி 4 கிலோ. அதில் தழைச்சத்து 720 கிராம், மணிச்சத்து 1.84 கிலோ. ஊக்கி 8 கிராம். ஊக்கி பூவை உதிராமல் பிடிக்கிறது. டிஏபி பிடித்த பூவைக் காயாக்குகிறது. செலவை மிச்சம் பிடிப்பதாக எண்ணி டிஏபியை விட்டுவிட்டு ஊக்கியை மட்டும் அடிப்போரை எங்கள் ஊரில் கண்டிருக்கிறேன். அவர்கள் செடியில் பூ நிற்கும். பொக்குக் காயும் நிற்கும்.

உணவு மிகுந்த இடத்திலும் ஒழுங்கிக்கு நல்ல வேலை உண்டு. ஐரோப்பாவில் 1960-களிலிருந்து கோதுமைக்குத் தழைச்சத்தை நிறைய இட்டுவிட்டு, பயிர் சாயாமலிருக்கக் குளோர்மெக்குவாட் தெளித்துத் தண்டைக் குட்டையாக்கினார்கள். இதுவும் செய்தியே, ஆனால் கேட்பவன் வயிறு நிறைந்தவன்.

தக்காளியின் காயடி அழுகல் நோயில் இன்னொரு பாடம் இருக்கிறது. அது காயின் அடி நுனிக்குச் சுண்ணாம்புச்சத்துப் போதாமல் வருவது. ஜிப்பரல்லின் தெளித்த செடிகளில் அந்த நோய் மிகுவதையும், ஜிப்பரல்லின் உண்டாவதைத் தடுக்கும் பொருளைத் தெளித்தால் குறைவதையும் கலிஃபோர்னியாவில் 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. மண்ணிலும் வேரிலும் இலையிலும் சுண்ணாம்புச்சத்து இருந்தும் காய் மட்டும் பசித்தது. காயை விரைந்து பருக்கச் சொன்ன ஊக்கியே அந்தப் பசியை உண்டாக்கியது. இதைப் படித்த பிறகு 'கெடுதல் ஒன்றும் செய்யாது' என்ற என் சொல்லை முழுவதுமாகத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

புட்டிகளைப் பற்றியும் ஒரு சொல். ஜிப்பரல்லிக் அமிலம், நாஃப்தலின் அசிட்டிக் அமிலம், குளோர்மெக்குவாட் போன்ற ஒழுங்கிகள் நம் நாட்டில் 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ் பதிவு செய்யப்பட்டே விற்கப்பட வேண்டும். கடற்பாசிச் சாறு முதலிய உயிரியல் தூண்டிகள் 2021இல் உரக் கட்டுப்பாட்டு ஆணையின்கீழ் கொண்டுவரப்பட்டன. ஆகவே உள்ளே என்ன இருக்கிறது, எத்தனை சதவீதம் என்று எழுதாத புட்டியை வாங்க வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. பெயரும் அளவும் தெரியாத செய்தியைப் பயிரின் காதில் ஓதுவதற்குப் பணமும் கொடுக்கிறோம்.

பெரியப்பா வேளாண் அலுவலர் சொன்னபடி 0.5 சதவீதத் துத்தநாக சல்பேட்டுடன் 1 சதவீத யூரியா கலந்து தெளித்தார். வயலின் நீரை வடித்தும் காய்ச்சலும் பாய்ச்சலுமாக வைத்தார். புதிய இலைகள் தெளிந்து வந்தன. ஆனால் குன்றிய திட்டுகளில் தூர்கள் கடைசிவரை குறைவாகவே இருந்தன. அறுவடையின்போது அந்தத் திட்டுகள் எங்கே இருந்தன என்று கட்டுகளைப் பார்த்தே சொல்ல முடிந்தது. அவர் என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. "அந்தக் கடைக்காரன் சொன்னான், நீயும் சொன்னே" என்று மட்டும் ஒருமுறை சொன்னார்.

இக்கோடையில் நானும் அவரும் வயலில் பத்து இடங்களில் ஆங்கில 'வி' வடிவத்தில் குழி வெட்டி, பக்கவாட்டு மண்ணைச் சுரண்டி எடுத்து, நிழலில் உலர்த்தி, கால் பங்காகக் குறைத்து அரை கிலோவை மண் ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பியிருக்கிறோம். குன்றிய திட்டுகளின் மண்ணைத் தனிப் பையில் கட்டினோம். அடியுரத்தோடு இட ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டு தேவைப்படலாம். மணிச்சத்து உரத்தோடு கலக்காமல் மணலோடு கலந்து நடவுக்கு முன் மேலாகத் தூவ வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். "முதல்லே மண்ணு என்ன சொல்லுதுன்னு வரட்டும், தம்பி" என்றார் பெரியப்பா. முடிவு இன்னும் வரவில்லை.